கவுன்சிலர் இல்லாத ஊரில் கொரோனா: மாநகராட்சி செய்ததும் தெரு செய்ததும்

கேள்வி இதுதான்: "கொரோனா காலத்தில் சென்னை மாநகராட்சி நிஜமாகவே ஏதாவது செய்ததா, இல்லை தன்னார்வலர்கள்தான் ஊரைக் காப்பாற்றினார்களா? இன்னொரு தடவை அப்படி ஒன்று வந்தால் எங்கள் தெருக்காரர்கள் யாரிடம் போய் நிற்பது?"

மாநகராட்சி செய்தது, நிறையவே செய்தது. தன்னார்வலர்களும் செய்தார்கள். யார் அதிகம் செய்தார்கள் என்று எடை போடுவதற்கு முன்னால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன், சென்னையில் இருந்தவர்களே பலர் மறந்துவிட்டார்கள். கொரோனா வந்ததிலிருந்து மூன்றாவது அலை தணியும் வரைக்கும் இந்த ஊரில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. மேயரும் கிடையாது.

2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் ஐந்து ஆண்டுகள் 2016 அக்டோபரோடு முடிந்தன. அதே மாதம் நடக்க இருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டே போனது. மாமன்றத்துக்குப் பதிலாக நிர்வாகம் பார்த்த தனி அலுவலர்களின் பதவிக்காலத்தைச் சட்டசபை நீட்டித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. ஆர். பிரியா மேயராகப் பொறுப்பேற்றது அந்த மார்ச் 4ஆம் தேதி. நடுவில் ஐந்தரை வருடம் 15 மண்டலம், 200 வார்டு, மொத்தமும் ஆணையர் கையில். கொரோனா அந்த இடைவெளிக்குள்தான் வந்து போனது.

"கவுன்சிலர் இருந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பார்" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாக் கவுன்சிலர்களும் தெய்வப் பிறவிகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கவுன்சிலர் என்பவர் ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டித் திட்டக்கூடிய ஆள். அவர் வீடு எங்கே என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆணையர் வீட்டுக் கதவை யார் தட்டுவது? ஊரடங்கில் பெரும்பாலும் எழுந்த பிரச்சினை "எங்கள் தெருவில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார், இரண்டு நாளாக வெளியே வரவில்லை" என்ற மாதிரிதான். இதற்கு ஹெல்ப்லைன் எண் போதாது. அந்த அம்மாவைத் தெரிந்த ஆள் வேண்டும்.

கேரளத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே 2020 மார்ச் கடைசியிலேயே உள்ளாட்சிகள் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்களை வைத்துச் சமூகச் சமையலறைகளைத் தொடங்கிவிட்டன. யாருக்குச் சாப்பாடு போக வேண்டும் என்ற பட்டியலுக்கு வார்டு உறுப்பினர் இருந்தார். அவர்களுக்கும் அந்த ஆண்டே பதவிக்காலம் முடிந்தது. கொரோனா இருக்கும்போதே டிசம்பரில் மூன்று கட்டமாகத் தேர்தல் நடத்திப் புதியவர்களை உட்கார வைத்தார்கள். நம் கிராமங்களிலும் நிலைமை சென்னையைவிடப் பரவாயில்லை. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. பதவி ஏற்று மூன்று மாதம்கூட ஆகாத ஊராட்சித் தலைவர்கள் தெருத் தெருவாக பிளீச்சிங் பவுடரோடு அலைந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிளீச்சிங் பவுடரால் கொரோனா சாகுமா என்பது வேறு விஷயம். தலைவர் தெருவுக்கு வந்தாரல்லவா, கேட்க வேண்டியதைக் கேட்க முடிந்தது.

சரி, மாநகராட்சி என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். நான் அந்த இரண்டு வருடமும் வடசென்னையில் நாலைந்து தெருக்களில் அரிசி மூட்டை தூக்கியவன். நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்ததும் நான்தான். என் கண்ணில் பட்டதைத்தான் முக்கியமாகச் சொல்ல முடியும்.

2020 ஏப்ரல் முதல் வாரத்தில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுப்பு ஆரம்பமானது. ஊர் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட களப்பணியாளர்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் அதே பகுதியில் குடியிருப்பவர்கள், தற்காலிக வேலை. எங்கள் தெருவுக்கு வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு தொப்பி, முகத்துக்கு முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் ஷீல்டு, கையில் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர், கக்கத்தில் நீளமான ஒரு ரிஜிஸ்டர். பெயர், வயது, சுகர் உண்டா, பிரஷர் உண்டா, காய்ச்சல், சளி, இருமல் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கும். மே மாத வெயிலில் அந்தத் தெர்மாமீட்டர் யார் நெற்றியில் வைத்தாலும் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் காட்டும். முதல் வாரம் அவரே பயந்துபோனார். அப்புறம் ஆட்களை ஐந்து நிமிடம் நிழலில் நிற்கச் சொல்லிவிட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். கதவைத் தட்டி "யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டால் கிரில் கேட்டுக்குப் பின்னால் இருந்தே பதில் வந்துவிடும்: "எல்லாரும் நல்லா இருக்கோம்மா, போ." பயம்தான் காரணம். காய்ச்சல் என்று சொன்னால் வீட்டைத் தகரம் வைத்து அடைப்பார்கள், ஆம்புலன்ஸ் வரும், தெருவே வேடிக்கை பார்க்கும். பத்து நாள் இதே பதிலைக் கேட்டுச் சலித்துப்போய் அவர் கேள்வியை மாற்றினார். "பாட்டி, வீட்ல யாராவது ரெண்டு நாளா சரியா சாப்பிடலையா? வாசனை தெரியலைன்னு யாராவது சொன்னாங்களா?" என்றார். "ஆமாடி, சின்னவன் ரசத்துல பெருங்காயமே போடலைன்னு சண்டை போட்டான்" என்று பாட்டி வாயைத் திறந்தார். அந்த வீட்டில் மூன்று பேருக்குப் பாசிட்டிவ் வந்தது.

இந்த மாதிரி அறிவு எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்காது. மாநகராட்சி செய்த வேலைகளில் எதற்கு அதிக மதிப்பெண் போடுவாய் என்று கேட்டால், ஒரே ஆளை ஒரே தெருவுக்குத் தினமும் அனுப்பியதற்குத்தான் போடுவேன். ஆள் மாறிக்கொண்டே இருந்த தெருக்களில் ரிஜிஸ்டர் மட்டும்தான் நிரம்பியது.

அடுத்தது காய்ச்சல் முகாம். 2020 மே மாதம் ஆரம்பித்து, ஜூன், ஜூலையில் ஒரு நாளைக்கு ஐந்நூறுக்கு மேல் நடந்தன. தெருமுனையில் ஒரு சாமியானா, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். காய்ச்சல் பார்ப்பார்கள், விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவார்கள், சந்தேகம் இருந்தால் சாம்பிள் எடுப்பார்கள். வைட்டமின், ஜிங்க் மாத்திரையும் ஒரு டம்ளர் கபசுரக் குடிநீரும் கிடைக்கும். கபசுரக் குடிநீரால் என்ன பயன் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த ஒரு டம்ளருக்காக வந்த பல பேர் ஆக்சிமீட்டரில் விரலை நீட்டினார்கள், எனக்கு அது போதும். முதல் நாள் எங்கள் முகாமுக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். இரண்டாவது வாரம் வரிசை மளிகைக் கடை வரை நீண்டது. ஜூலையில் சென்னையில் ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் பரிசோதனை நடந்ததற்கு இந்தச் சாமியானாக்கள் பெரிய காரணம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டால் வராதவன் தெருமுனைக்கு வருவான்.

இப்போது மறுபக்கம். தகரம். வெளியூர்க்காரர்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன்: ஒரு வீட்டில் பாசிட்டிவ் வந்தால் ஆரம்பத்தில் தெருவையே அடைத்தார்கள், பிறகு அந்த வீட்டை மட்டும் தகரத்தாலும் சவுக்குக் கட்டையாலும் அடைத்தார்கள். கதவில் ஸ்டிக்கர். 2020 மார்ச் கடைசியில் கமல்ஹாசனின் ஆழ்வார்பேட்டை அலுவலகத்திலேயே தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, அப்புறம் வந்து கிழித்துக்கொண்டு போனார்கள். பாஸ்போர்ட்டில் இருந்த பழைய முகவரியை நம்பியதால் வந்த வினை. அந்தத் தெருவில் ஒரு கவுன்சிலர் இருந்திருந்தால் "அங்கே யாரும் குடியில்லையே" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

எங்கள் தெருவில் அடைத்த ஒரு வீட்டில் பால் வாங்கக்கூட வழி விடவில்லை. கேட்டால் "ஆர்டர் சார்" என்றார் வந்தவர். கடைசியில் பக்கத்து மாடியில் இருந்து பக்கெட்டில் கயிறு கட்டி இறக்கினோம். தகரம் அடித்தவர்களுக்கும் கஷ்டம்தான், அவர்களும் தினக்கூலிகள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தத் தகரம் ஒவ்வொன்றும் அடுத்த பத்து வீட்டுக்காரர்களைப் பொய் சொல்ல வைத்தது. காய்ச்சல் அக்கா பத்து நாள் உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கையைச் சுத்தியல் பத்து நிமிடத்தில் உடைத்தது. இது தேசம் முழுக்க இருந்த கூத்து என்பதால்தான் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய உத்தரவு இல்லாமல் நோயாளி வீட்டில் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று தீர்ப்பு வந்தது. அதற்குள் முதல் அலையே முடிந்துவிட்டது.

கோயம்பேட்டைச் சொல்லாமல் விட முடியாது. 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். 25ஆம் தேதி மொத்த ஊரும் காய்கறி வாங்கக் கோயம்பேட்டில் நின்றது. மே 5 அன்று சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று சொந்த ஊர்களுக்குப் போய்விட்டிருந்தார்கள், நோயும் கூடவே போனது. நாலு நாள் காய்கறிக்கு என்ன வழி என்பதைச் சொல்லாமல் கடையை மூடினால் சனம் என்ன செய்யும்? அடுத்த ஆண்டு இதைத் திருத்திக்கொண்டார்கள். 2021 மே 24 முதல் மளிகைக் கடைகூடத் திறக்காத ஊரடங்கு வந்தபோது, தோட்டக்கலைத் துறையும் மாநகராட்சியும் காய்கறி வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பின. விலையைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது. கூட்டம் இல்லை.

சாப்பாடு விஷயத்தில் மாநகராட்சியிடம் ஏற்கெனவே ஒரு ஆயுதம் கையில் இருந்தது: அம்மா உணவகம். 2013இல் தொடங்கியது, சென்னையில் நானூறு சொச்சம் கிளைகள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நடத்துபவை. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம். ஊரடங்கில் ஹோட்டல் எல்லாம் மூடியபோது இவை மூடவில்லை. 2020 மே கடைசி வரையும், மறுபடி ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் முழு ஊரடங்கு போட்டபோதும் சாப்பாட்டை இலவசமாகவே கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறிய பிறகும் அது தொடர்ந்தது. எங்கள் பக்கத்துக் கிளையில் காலை ஏழு மணிக்கு வட்டம் போட்ட சுண்ணாம்புக் கோடுகளில் செருப்பும் பையும் வரிசையில் நிற்கும், ஆட்கள் எதிர்ப்புற நிழலில் நிற்பார்கள். ஆட்டோக்காரர், செக்யூரிட்டி, கூரியர் பையன், வேலை போன ஐ.டி. ஆள் ஒருவர். அந்த ஐ.டி. ஆள் முதல் நாலு நாள் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. இட்லியைச் சட்டினி இல்லாமல் பார்சலாக வாங்கிக்கொண்டு போவார். ஐந்தாம் நாள் கழற்றினார்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் பல பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ரேஷன் கடை மாநகராட்சியுடையது இல்லை, கூட்டுறவு மற்றும் உணவுத் துறையைச் சேர்ந்தது. 2020 ஏப்ரலில் வந்த ஆயிரம் ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் அந்த வழியில் வந்தவை. 2021இல் 2.07 கோடி அட்டைகளுக்கு இரண்டு தவணையாகக் கொடுத்த நாலாயிரமும், 14 மளிகைப் பொருள் பையும்கூட அப்படித்தான். குடிநீரும் சாக்கடையும் குடிநீர் வாரியம். பெரிய ஆஸ்பத்திரி சுகாதாரத் துறை. ஊரடங்கு, பாஸ் விவகாரம் காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும். குப்பை, கொசு, காய்ச்சல் முகாம், 140 நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், அம்மா உணவகம், மயானம், பிறப்பு இறப்புப் பதிவு இவைதான் மாநகராட்சி. தவறான கதவைத் தட்டி அரை நாளை வீணாக்குகிறவர்கள் கொரோனாவிலும் அதையே செய்தார்கள். நானும் செய்திருக்கிறேன்.

தன்னார்வலர்கள் கதைக்கு வருவோம். 2020 ஏப்ரல் இரண்டாவது வாரத்தில், கட்சிகளும் தொண்டு நிறுவனங்களும் நேரடியாக உணவு, நிவாரணப் பொருள் கொடுக்கக் கூடாது, அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மாநில அரசு சொன்னது. கூட்டம் சேர்கிறது என்பது காரணம். முழுக்கப் பொய்யான காரணமும் இல்லை, சில இடங்களில் போட்டோவுக்காகவே கூட்டம் சேர்த்தார்கள். வழக்குப் போனது. முன்கூட்டியே அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு, சில பேர் மட்டும் போய்க் கொடுக்கலாம் என்று உயர் நீதிமன்றம் அந்த மாதமே வழி விட்டது. அதற்கு அப்புறம்தான் எங்கள் மாதிரிச் சின்னக் குழுக்களுக்கு மூச்சு வந்தது. எஸ்.ஐ. என்று நாங்கள் கூப்பிடும் சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு மூன்று பேர் கிளம்புவோம். அவரும் பதிலுக்கு, "அந்தச் சந்துல ரெண்டு வீட்ல யாரும் கதவைத் திறக்கல, நீங்க கொஞ்சம் பாருங்க தம்பி" என்பார். அரசாங்கமா தன்னார்வலரா என்ற உங்கள் கேள்வி எனக்குச் செயற்கையாகப் படுவது இதனால்தான். எங்கள் தெருவில் இரண்டு தரப்பும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தார்கள்.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்று அரிசிக்கு நாங்கள் பட்டியல் தயாரித்தது ரேஷன் அட்டையை வைத்து. சுலபமாக இருந்தது, சண்டை வராது என்று நினைத்தோம். இரண்டாவது வாரம்தான் தெரிந்தது, பின்சந்தில் பாதி கட்டி நிற்கும் கட்டடத்தில் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று. மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. அட்டை கிடையாது, தமிழ் பேசத் தெரிந்தவன் ஒரே ஒரு பையன். அவர்கள் உருளைக்கிழங்கும் உப்பும் வைத்து எத்தனை நாள் ஓட்டினார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏற்கெனவே அரசாங்கத்தின் கண்ணில் பட்டவர்கள்தான் ரேஷன் அட்டைப் பட்டியலில் இருப்பார்கள், பட்டினி கிடந்தவர்கள் அதற்கு வெளியே. அன்றைக்கு ராத்திரிதான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வீட்டு எண்ணை வைத்து எழுத ஆரம்பித்தோம். காலி மனை, கட்டடம், கோயில் திண்ணை எல்லாவற்றுக்கும் ஒரு வரி.

சாவைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யப் போனபோது ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டியது. அடிவாங்கியவர்களில் மாநகராட்சி ஊழியர்களும் உண்டு. கடைசியில் அவரோடு வேலை பார்த்த இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டி வந்தது. ஒரு வாரத்தில், நோயால் இறந்தவர்களின் அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருடம் வரை சிறை என்று அவசரச் சட்டம் போட்டார்கள். 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருத்தம். சமூக ஆதரவு என்று இனிப்பாகப் பேசும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும். கல்லெறிந்தவர்களும் 'சமூகம்'தான், பயம் பிடித்த சமூகம். பிணத்தில் இருந்து காற்றில் நோய் பரவாது என்பதை அந்தப் பகுதிக்காரர்களுக்கு முந்தைய வாரமே சொல்லியிருக்க வேண்டியது யார் வேலை? அங்கே யாரும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, மாநகராட்சியின் ஒரு பழைய பதிவேடு உண்மையைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 2020 ஜூனில் மாநில அரசு தினமும் சொன்ன சென்னைச் சாவு எண்ணிக்கைக்கும் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. கமிட்டி போட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜூலை 22 அன்று 444 சாவுகள் விட்டுப்போனவை என்று ஒப்புக்கொண்டு மொத்தக் கணக்கில் சேர்த்தார்கள். டேஷ்போர்டு, கிராஃப் எதுவும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மயானத்துச் சீட்டைப் பார்த்துப் பெயர் எழுதும் ஒரு குமாஸ்தாவின் வேலை கண்டுபிடித்தது. பின்னால் 50,000 ரூபாய் இழப்பீடு அறிவித்தபோதும், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு ஐந்து லட்சம் வைப்புத்தொகை என்று சொன்னபோதும், எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவேட்டை வைத்துக் கொடுக்கும் இறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பவே நாலு நாள் ஆனது. அரிசி கொடுப்பதைவிட அது பெரிய உதவியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

இரண்டாவது அலையைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. 2021 மே 12 அன்று சென்னையில் மட்டும் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல், மே 21 அன்று மாநிலம் முழுக்க 36,184 பேருக்குப் புதிதாகத் தொற்று. ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை, நேரு ஸ்டேடியத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்கு வரிசை. படுக்கை கேட்டு 104 எண்ணுக்கு அடித்தால் வார் ரூமில் போன் எடுக்கிறார்கள், படுக்கை இல்லை. மாநகராட்சி அப்போது செய்த உருப்படியான காரியம் பரிசோதனை மையங்களைத் திறந்ததும் கார்களை ஆம்புலன்ஸாக ஓட்டியதும். பாசிட்டிவ் வந்த எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாமல், யாருக்குப் படுக்கை வேண்டும், யார் வீட்டிலேயே இருக்கலாம் என்று அங்கே பிரித்தார்கள். நாங்கள் செய்தது அதைவிடச் சின்ன வேலை. தெருவுக்கு மூன்று ஆக்சிமீட்டர் வாங்கி, சானிடைசர் போட்டுத் துடைத்து, வீடு வீடாகச் சுற்றில் விட்டோம். காலை எட்டு, ராத்திரி எட்டு, நம்பரை வாய்ஸ் மெசேஜில் சொன்னால் போதும். 94க்குக் கீழே வந்தால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாத்தா தினமும் "தொண்ணூத்தாறுப்பா, நான் இன்னும் சாவல" என்று அனுப்புவார். இன்றைக்கும் இருக்கிறார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: அடுத்த தடவை யாரிடம் போய் நிற்பது?

இப்போது கவுன்சிலர் என்று ஒரு பதவியாவது திரும்ப வந்திருக்கிறது. 2022இல் வார்டு கமிட்டி, ஏரியா சபை விதிகளும் வந்தன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. பல இடங்களில் நாற்பது பேர் வந்து சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைகிறார்கள். பரவாயில்லை, போங்கள். சாக்கடை அடைப்பைப் பேசப் போகிற இடத்தில்தான் உங்கள் பகுதி எஸ்.ஐ. யார், உதவிப் பொறியாளர் யார், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் யார் என்று முகம் தெரியும். தொற்று வந்த பிறகு அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது. 1913 எண்ணைப் போனில் போட்டு வையுங்கள், மாநகராட்சிப் புகார் எண். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் 1913தான், அதனால் மறக்காது. புகார் சொன்னால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மறுநாள் போய்ப் பேசினால் முதலில் இருந்து ஆரம்பிப்பார்கள்.

தெரு நோட்டு ஒன்றை இப்போதே போடலாம். அதில் எல்லோருடைய ஜாதகமும் வேண்டாம். தனியாக இருக்கும் வயதானவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரியில் சுகர், பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள், கர்ப்பிணிகள், அட்டை இல்லாத குடும்பங்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் இடங்கள். ஊரடங்கில் பட்டினிக்கு அடுத்தபடியாக ஆட்களைப் படுத்தியது மாத்திரை தீர்ந்துபோனதுதான். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு அந்த மாத்திரைகள் பல பேருக்கு வீட்டுக்கே வருகின்றன. உங்கள் தெருவில் அதற்கு வரும் பெண் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரிந்தது உங்கள் நோட்டைவிட அதிகமாக இருக்கும். எழுதும் முன் சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். நோய் விவரத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், காகிதத்தில் இருக்கட்டும், இரண்டு பேர் கையில் மட்டும் இருக்கட்டும். எங்கள் குரூப்பில் ஒருவர் ஒரு டிபி நோயாளியின் பெயரைப் போட்டுவிட்டு, அந்தக் குடும்பம் வீடு காலி செய்யும் நிலைமைக்குப் போனது. வீட்டுக்காரரிடம் பேசிச் சரிக்கட்ட ஒரு மாதம் ஆனது.

அப்புறம் இன்னொன்று, சின்ன விஷயம். பேனாவில் எழுதாதீர்கள், பென்சிலில் எழுதுங்கள். வாடகை வீடுகள் இருக்கும் தெருவில் வருடத்துக்குப் பாதிப் பெயர் மாறிவிடும், போன் நம்பர் அதைவிட வேகமாக மாறும். எங்கள் நோட்டில் முதல் எட்டுப் பக்கம் அடித்தல் திருத்தலிலேயே படிக்க முடியாமல் போய்விட்டது.